பல்லால் பாட்டுக் கேட்டவர்

ஓர் அறை. நடுவே மரப்பெட்டி ஒன்று. பெட்டிக்குள் இசைத்தட்டு சுழல்கிறது. ஒரு பெண் பாடுகிறாள். நரைத்த தலையும் கசங்கிய கோட்டுமாகக் கிழவர் ஒருவர் குனிந்து, அந்தப் பெட்டியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறார்!

புதிதாகப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட எண்ணுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர் பாட்டுக் கேட்கிறார். காது வழியாகப் போகாத ஓசை, பல் வழியாக மண்டை எலும்பில் ஏறி, உள் காதுக்குப் போய்ச் சேருகிறது.

அவர்தான் தாமஸ் ஆல்வா எடிசன். மின்சார விளக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் பெயர். மனிதக் குரலைப் பிடித்து வைத்து, மறுபடியும் பேச வைத்த முதல் மனிதரும் அவரே. பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவர், அந்தப் பாட்டைச் சரியாகக் கேட்க முடியாதவர்!

வீட்டில் ஒலிக்கும் பாட்டு ஏன் காதைக் குடைகிறது, சற்று நேரத்தில் ஏன் சலித்துப்போகிறது என்ற தொல்லையோடு அவர் ஐம்பது ஆண்டுகள் மல்லாடினார். சில சமயம் ஜெயித்தார். கடைசியில் தோற்றார். அந்தக் கதை இது.

ரெயிலில் பத்திரிகை விற்ற பையன்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்ற சிற்றூரில் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. 1854-ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள போர்ட் ஹ்யூரன் என்ற ஊருக்குக் குடிபோயிற்று. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சில மாதங்கள்தான். தாயார் நான்சி வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் பையன் ரெயிலில் வேலைக்குப் போனான். போர்ட் ஹ்யூரனுக்கும் டெட்ராய்ட் நகரத்துக்கும் இடையே ஓடும் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் வேலை. சாமான் வண்டியின் மூலையில் சின்னதாக ஓர் அச்சு யந்திரம் வைத்து, ஓடும் ரெயிலிலேயே சொந்தமாக ஒரு பத்திரிகையும் அச்சிட்டு விற்றான்.

அந்த வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. எப்படி? இதற்குப் பல கதைகள் உண்டு. ரெயில் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததால் என்பது ஒன்று. ஓடும் ரெயிலில் ஏற முடியாமல் தவித்த பையனை ஒருவர் இரு காதுகளையும் பிடித்துத் தூக்கினார், அப்போது உள்ளே ஏதோ அறுந்தது என்பது மற்றொன்று. பிந்திய கதையை எடிசனே சொன்னார். சிறு வயதில் வந்த காய்ச்சலும் காதில் சீழ் பிடித்ததுமே காரணமாக இருக்கலாம் என்பது பிற்காலத்தவர் கருத்து. கதைகளை விட இது நம்பும்படி இருக்கிறது. எப்படியோ, 12 வயதுக்குப் பிறகு ஒரு குருவி கத்தியதைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று முதுமையில் அவர் எழுதி வைத்தார்.

1862-ல் மவுண்ட் கிளெமன்ஸ் என்ற ஸ்டேஷனில் ஒரு சம்பவம். ஸ்டேஷன் மாஸ்டரின் மூன்று வயதுக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. ரெயில் பெட்டி ஒன்று அதை நோக்கி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கினான். நன்றிக்கடனாக ஸ்டேஷன் மாஸ்டர் அவனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

செவிடனுக்குத் தந்தி ஆபீசில் என்ன வேலை என்று கேட்கலாம். அங்கேதான் செவிடு உதவிக்கு வந்தது! அறையில் பல யந்திரங்கள் ஒரே சமயத்தில் கடகடக்கும். மற்றவர்களுக்குக் கவனம் சிதறும். எடிசனுக்கோ தன் மேஜைமேல் இருக்கும் யந்திரத்தின் ஓசை மட்டுமே கேட்கும். வெளிச் சத்தம் எதுவும் தொந்தரவு செய்யாது. பிற்காலத்திலும் தம் செவிட்டை ஒரு சலுகை போலவே அவர் பேசி வந்தார்.

வீடு முழுவதும் கேட்ட டெலிபோன்

1876-ல் கிரகாம் பெல் டெலிபோனைக் கண்டுபிடித்தார். அதில் பேச்சு மிகவும் மெலிந்து கேட்டது. நல்ல காது உள்ளவர்களே முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. எடிசனுக்கு எப்படிக் கேட்கும்?

தமக்கே கேட்கிற மாதிரி ஒரு டெலிபோன் செய்வது என்று அவர் இறங்கினார். விளக்குக் கரியை வில்லையாக்கி, பேசும் வாயில் வைத்தார். குரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி கரி நெருங்கும், தளரும். மின்சாரமும் அதற்கேற்பக் கூடும், குறையும். பேச்சு பலமாகப் போயிற்று. இந்தக் கரி முறை அதன்பின் நூறு ஆண்டுகள் வரை உலகத்து டெலிபோன்களில் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. கேட்கும் முனைக்கும் ஒரு புதிய கருவி செய்தார். ஈரமான சுண்ணாம்பு உருளை ஒன்று. அதன்மேல் உரசும் உலோகப் பட்டை. பட்டையின் மறுமுனையில் மெல்லிய அப்பிரகத் தகடு. மின்சாரம் மாறும்போதெல்லாம் உரசல் மாறி, தகடு அதிரும். கேட்பவர் கையால் பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1879-ல் இது லண்டனுக்குப் போயிற்று. அங்கே இருந்த எடிசன் டெலிபோன் கம்பெனியில் ஓர் இளைஞர் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அவர்தான் பின்னாளில் பேர்பெற்ற நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. ரகசியமாகக் காதோடு சொல்ல வேண்டியதை இந்தக் கருவி வீடு முழுவதும் கேட்கும்படி அலறிவிடும் என்று அவர் பிறகு கேலியாக எழுதினார்.

எடிசனின் அந்தக் காலத்து யோசனை இதிலிருந்து தெரிகிறது. ஓசை பலமாக இருந்தால் போதும், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்! பலம் வேறு, இனிமை வேறு என்பது அவருக்குப் பின்னால்தான் உறைத்தது.

பேசும் யந்திரம்

1877-ல் நியூஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க்கில் இருந்த தம் கூடத்தில் எடிசன் ஒரு படம் வரைந்து, தொழிலாளி ஜான் குருவேசி கையில் கொடுத்தார். பள்ளம் வெட்டிய பித்தளை உருளை, ஒரு கைப்பிடி, இரண்டு ஊசிகள். உருளைமேல் மெல்லிய வெள்ளீயத்தாளைச் சுற்றினார். ஊசிக்கு எதிரே வாயை வைத்து, ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டை உரக்கச் சொன்னார். பிறகு ஊசியைப் பழைய இடத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார்.

யந்திரம் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிற்று!

சுற்றி நின்றவர்கள் விறைத்துப் போனார்கள். எடிசனுக்கே நம்ப முடியவில்லை. அந்த டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை ஆபீசுக்கு யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கூட்டம் தாங்கவில்லை. 1878 பிப்ரவரி 19-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. அந்த ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்கே அழைப்பு வந்தது. ஜனாதிபதி ஹேய்ஸ் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து கேட்டார்.

ஆனால் வித்தை வேறு, வீட்டுச் சாமான் வேறு. வெள்ளீயத்தாளில் பதிந்த குரல் கீச்சென்று, தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருந்தது. நாலைந்து தடவை ஓட்டினால் தாள் தேய்ந்துவிடும். மக்கள் ஒரு தரம் பார்த்தார்கள், கை தட்டினார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். எடிசனும் யந்திரத்தை மூலையில் போட்டுவிட்டு மின்சார விளக்கின் பக்கம் திரும்பினார்.

பத்து ஆண்டுகள் போயின. பெல்லின் ஆட்கள் உருளைமேல் மெழுகு பூசி, அதில் குரலைச் செதுக்கினார்கள். கூட்டாகத் தொழில் செய்யலாம் என்று எடிசனிடம் வந்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுத்துவிட்டார். வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் கட்டிய புதிய ஆராய்ச்சிக்கூடத்தில் இரவு பகலாக உழைத்து, 1888 ஜூனில் முழு மெழுகு உருளை யந்திரத்தை முடித்தார். தூக்கம் கெட்ட கண்ணும் கலைந்த தலையுமாக அந்த யந்திரத்தின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் உலகப் பிரசித்தம்.

குழந்தைகளைப் பயமுறுத்திய பொம்மை

1890-ல் எடிசனின் கம்பெனி பேசும் பொம்மை ஒன்றை விற்றது. அழகான பீங்கான் முகம். வயிற்றுக்குள் குட்டிப் பேசும் யந்திரம். முதுகில் உள்ள பிடியைச் சுற்றினால் பொம்மை குழந்தைப் பாட்டுச் சொல்லும்.

சொல்லிற்று, ஆனால் எப்படி! நூலிழை போன்ற கிரீச்சுக் குரல். குழந்தைகள் பிடியை ஒரே சீராகச் சுற்றுமா? வேகம் கூடினால் கத்தல், குறைந்தால் முனகல். மெழுகும் சீக்கிரம் தேய்ந்தது. தாய்மார்கள் பொம்மையைக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் விற்பனை நின்றது. எடிசனே அவற்றைக் குட்டிப் பூதங்கள் என்று சொன்னதாகச் செய்தி உண்டு.

மிஞ்சிய பொம்மைகளை ஊசி வைத்து ஓட்டப் பின்னாளில் யாரும் துணியவில்லை. ஒரே ஓட்டில் அழிந்துவிடும் என்ற பயம். கடைசியில் ஊசியே படாமல், வெளிச்சத்தால் பள்ளங்களைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் ஓசையை மீட்டார்கள். 2015-ல் அந்தக் குரல்கள் பொதுமக்களுக்குக் கேட்கக் கிடைத்தன. 125 ஆண்டுகளுக்கு முந்திய தாய்மார்கள் செய்தது சரி என்று கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் காதைக் குடைந்தது?

அந்தக் காலத்தில் பாட்டைப் பதிவு செய்வதில் மின்சாரமே கிடையாது. பெரிய கூம்புக் குழாய் ஒன்று சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதற்குள் தலையை விடாத குறையாக நின்று உரக்கப் பாட வேண்டும். மூச்சுக் காற்றின் பலத்திலேயே ஊசி மெழுகைக் கீற வேண்டும். மெல்லிய ராகம் பதியாது. பிடிலின் நாதம் பதியாது. அதற்காகவே குழாய் பொருத்திய பிடில் செய்தார்கள்! பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பதில் பித்தளை ஊதுகுழலை வைத்தார்கள்.

மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அந்தக் குழாய்ப் பதிவில் சுமார் 250 முதல் 2,500 வரைதான் ஒழுங்காகப் பதியும். கீழே இருக்கும் கம்பீரம் போய்விடும். மேலே இருக்கும் தெளிவும் போய்விடும். ஸ என்ற ஓசையும் ஃப என்ற ஓசையும் வித்தியாசம் தெரியாமல் குழம்பும். நடுத்துண்டு மட்டும் மிஞ்சும். விட்டுப்போனதையெல்லாம் கேட்கிறவரின் மூளை இட்டு நிரப்ப வேண்டும். கால் மணி நேரம் கேட்டாலே களைப்புத் தட்டியதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் குழாய். நாயனத்தின் அணசுபோல் விரிந்த தகரக் குழாய் வழியாகத்தான் வீட்டில் பாட்டு வெளியே வரும். வெறும் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதி வரும்போது மட்டும் குடம் உம் என்று கூட முழங்கும். குழாயும் அப்படித்தான். தனக்குப் பிடித்த சுருதி வந்தால் தானும் சேர்ந்து அலறும். பாடகி இனிமையாகப் பாடியிருப்பாள். குழாய் அதை வீறிடலாக மாற்றிவிடும். கூடவே ஊசி தட்டை உரசும் சரசரப்பு வேறு. ஓசையைக் குறைக்கத் திருகும் கிடையாது. எடிசன் பெட்டியில் கம்பளிப் பந்து ஒன்றைக் குழாயின் தொண்டைக்குள் தள்ளிச் சத்தத்தை அடக்குவார்கள். போட்டிக் கம்பெனியான விக்டரின் பெட்டியில் கதவைச் சாத்திவிடுவார்கள். அவ்வளவுதான்!

வைர ஊசி

இதற்குள் எமில் பெர்லினர் என்பவர் தட்டை வடிவில் இசைத்தட்டுச் செய்து, தட்டுகள்தான் உலகமெங்கும் பரவின. பெரிய பாடகர்களைக் கோடிக்கணக்கானவர்கள் தட்டில் கேட்டார்கள். எடிசன் உருளையை விடவில்லை. உருளையில் ஊசி கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடும். தட்டில் நடுவை நெருங்க நெருங்க வேகம் குறைந்து ஓசை கெடும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். வியாபாரம் மட்டும் தட்டின் பக்கம் போயிற்று.

கடைசியில் அவரும் தட்டுக்கு வந்தார். 1912-ல் வைரத் தட்டு விற்பனைக்கு வந்தது. தட்டின் கனம் கால் அங்குலம். மற்ற கம்பெனிகளின் இரும்பு ஊசியை ஒவ்வொரு பாட்டுக்கும் மாற்ற வேண்டும். எடிசனின் ஊசி நுனியில் வைரம், மாற்றவே வேண்டாம். மற்றவர்களின் ஊசி பக்கவாட்டில் ஆடும். இவருடைய ஊசி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். ஓசை உண்மையிலேயே மேலாக இருந்தது. பழைய தட்டுகளைச் சேர்ப்பவர்கள் பிற்காலத்திலும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் எந்தப் பாட்டைப் பதிவு செய்வது என்பதை யார் தீர்மானித்தது? எடிசன்தான். பாடகர்களின் குரல்களைத் தாமே கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதுவார். குரல் நடுங்கினால் அவருக்கு ஆகாது. மேடைகளில் மாலை வாங்கிய பெரிய பாடகர்களையும் இந்த ஒரு குற்றத்துக்காகத் தள்ளினார். பாட்டு நன்றாக இருந்தால் போதும், பாடியவர் பெயர் எதற்கு என்று முதலில் தட்டுகளில் பெயரே போடவில்லை. ரஷ்யாவின் பியானோ மேதை ரக்மானினாவ் 1919-ல் எடிசனுக்காக வாசித்தார். அவர் வாசிப்பு எடிசனுக்கு ரசிக்கவில்லை என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டே ரக்மானினாவ் விக்டர் கம்பெனிக்குப் போய்விட்டார்.

கம்பெனி ஆட்கள் என்ன செய்வார்கள்? முதலாளி உலகம் போற்றும் மேதை. அவர் செவிடு. பெட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டைக் குப்பை என்கிறார். மறுத்துப் பேசுவது யார்?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் காதில் விழாத ஓசைகள் பெரும்பாலும் மேல்சுருதி ஓசைகள். ஊசியின் சரசரப்பும் அந்த ரகம்தான். 1914-ல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. தட்டுக்கு வேண்டிய பீனால் என்ற ரசாயனப் பொருள் பிரிட்டனிலிருந்து வருவது நின்றது. எடிசன் தாமே பீனால் தொழிற்சாலை கட்டினார். அதே டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்சில் பெருந்தீ ஏற்பட்டுப் பல கட்டடங்கள் எரிந்தன. 67 வயதில் மறுபடியும் தொடங்கினார். யுத்த காலத்துத் தட்டுகளில் சரசரப்பு மிகுந்துவிட்டது. வாங்கியவர்கள் குறை கூறினார்கள். அதைப் போக்க எடிசன் ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். ஆனால் மற்றவர்களை எரிச்சலூட்டிய அந்த ஓசை அவர் காதை நேரே வந்து குத்தவில்லை.

இருட்டில் ஒரு பரீட்சை

1915-ல் கம்பெனிக்கு ஓர் அருமையான யுக்தி தோன்றிற்று. மேடையில் எடிசன் பெட்டி. பக்கத்தில் பாடகி. பெட்டி பாடும், பாடகியும் சேர்ந்து பாடுவாள். திடீரென்று அவள் வாயை மூடிக்கொள்வாள். பாட்டு மட்டும் தொடரும். பிறகு விளக்கு அணையும். இருட்டில் பாடுவது பெண்ணா, பெட்டியா? விளக்கு மறுபடி எரியும்போது மேடையில் பெட்டி மட்டும் இருக்கும்! கூட்டம் ஆரவாரம் செய்யும்.

1916 ஏப்ரலில் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னெகி மண்டபத்தில் மேரி ராப்போல்டு என்ற பாடகி இப்படிப் பாடினார். பத்து ஆண்டுகளில் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பரீட்சைகள் நடந்தன. இது பழைய குரலின் பிரதி அல்ல, மறு சிருஷ்டி என்றே கம்பெனி விளம்பரம் செய்தது. மக்கள் நம்பினார்கள். 250 டாலர் விலையுள்ள பெட்டிகூட விற்றது.

உண்மையில் வித்தியாசம் தெரியவில்லையா? இந்தப் பரீட்சைகளில் பேர்பெற்ற அன்னா கேஸ் என்ற பாடகி பல்லாண்டு கழித்து ஒரு ரகசியத்தை வெளியிட்டார். யந்திரத்தின் ஓசைக்குச் சமமாகத் தம் குரலை அடக்கி வைத்துத்தான் பாடினாராம்! யந்திரம் மனிதரைப்போல் பாடவில்லை. மனிதர் யந்திரத்தைப்போல் பாடினார். ஆனாலும் அத்தனை பேரும் ஏமாளிகள் என்று தள்ளிவிட முடியாது. வேறு நல்ல ஓசையை அவர்கள் பெட்டியில் கேட்டதே இல்லை. கிரீச்சுக் குழாயில் பழகிய காதுக்கு வைரத் தட்டு அமிர்தமாகத்தான் இருந்திருக்கும்.

ரேடியோ வந்தது

1920-ல் அமெரிக்காவில் ரேடியோ ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் ரேடியோ மோகம். ஒரு தரம் பெட்டியை வாங்கினால் பாட்டு இலவசம்! தட்டு விற்பனை விழுந்தது.

முதலில் வந்த ரேடியோ ஒலிபெருக்கிகள் சகிக்க முடியாதவை. டெலிபோனின் காதுக் குமிழைத் தகரக் குழாயின் அடியில் பொருத்தியது போன்ற அமைப்பு. பழைய குழாயின் எல்லாக் குற்றங்களும் அதில் இருந்தன. எடிசனுக்கு இது பிடிக்கவே இல்லை. இசையை ரேடியோ கெடுக்கிறது, மக்கள் சீக்கிரம் சலித்துத் தம்மிடமே திரும்பி வருவார்கள் என்று 1926-ல்கூடச் சொல்லி வந்தார். அப்போது அவருக்கு 79 வயது.

சில ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் 1925-ல் எல்லாம் மாறிவிட்டது. விக்டர், கொலம்பியா கம்பெனிகள் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யத் தொடங்கின. மெல்லப் பாடினாலும் பதிந்தது. கீழ்ச் சுருதியும் பதிந்தது, மேல்சுருதியும் பதிந்தது. அதே ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் புதிய ஒலிபெருக்கி ஒன்றை வெளியிட்டார்கள். காகிதக் கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். சுருளில் மின்சாரம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அலறும் தகரக் குழாய்க்கு வேலை இல்லை. பிற்காலத்து வீட்டு ரேடியோ எல்லாம் அந்தக் காகிதக் கூம்பின் வாரிசுகளே.

எடிசன் என்ன செய்தார்? பழைய வழியிலேயே 125 அடி நீளத்துக்கு ஒரு பித்தளைப் பதிவுக் குழாய் செய்து பார்த்தார்! குழாய் நீண்டால் ஓசை இயல்பாகப் பதியும் என்று நினைப்பு. பெரிய முயற்சிதான். ஒரு சின்ன மைக் அதை விட நன்றாக வேலை செய்தது. 1926-ல் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடும் நீண்ட இசைத்தட்டையும் கொண்டுவந்தார். யோசனை காலத்தை முந்தியது. ஆனால் ஓசை ஈனமாக இருந்தது. மயிரிழைப் பள்ளங்களில் ஊசி தாவியது. அதுவும் போயிற்று.

மகன் சார்லஸ் 1926-ல் கம்பெனித் தலைவரானார். தந்தையை மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவந்தார். அது லேசான காரியம் அல்ல. ரேடியோவும் மின்சாரப் பதிவும் பயனற்றவை என்று அத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர் எடிசன். 1927-ல் எடிசன் தட்டுகளும் மின்சாரத்தில் பதிவாயின. 1928-ல் கம்பெனி ரேடியோப் பெட்டியும் செய்தது. 1929-ல் மற்றவர்களைப்போலவே பக்கவாட்டில் ஊசி ஆடும் தட்டும் வெளியிட்டது. எல்லாம் காலம் கடந்து நடந்தன.

இந்தக் கடைசி ஆண்டுகளிலும் நீல உருளைகளை அவர் நிறுத்தவில்லை. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்து விவசாயிகள். பழைய உருளைப் பெட்டிகள் அவர்கள் வீட்டில் இருந்தன. நம்பி வாங்கியவர்களைக் கைவிடக் கூடாது என்று நஷ்டத்திலும் உருளைகளைச் செய்துகொண்டே இருந்தார். வியாபாரிகள் இதைப் பிடிவாதம் என்றார்கள். அந்த விவசாயிகள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசி அக்டோபர்

1929 அக்டோபர் 21. மின்சார விளக்கின் பொன்விழா. மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு, பழைய மென்லோ பார்க் கூடத்தைப் பலகை பலகையாக டியர்பான் நகரில் திரும்பக் கட்டி வைத்திருந்தார். ஜனாதிபதி ஹூவர் வந்தார். 82 வயது எடிசன் முதல் விளக்கை ஏற்றிய காட்சியை மறுபடி நடித்துக் காட்டினார். விருந்தில் எழுந்து தழுதழுத்த குரலில் நன்றி சொன்னார். அந்தப் பேச்சு ரேடியோவில் நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. அமெரிக்க வீடுகளில் லட்சக்கணக்கானவர்கள் காகிதக் கூம்பு ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள், இசைத்தட்டும் உருளையும் செய்வதை நிறுத்திவிட்டதாக எடிசன் கம்பெனி அறிவித்தது.

1931 அக்டோபர் 18-ந் தேதி அதிகாலையில் வெஸ்ட் ஆரஞ்சு வீட்டில் எடிசன் காலமானார். மனைவி மைனா பக்கத்தில் இருந்தார். காதலித்த நாளில் எடிசன் அவர் உள்ளங்கையில் தந்தி மொழியில் தட்டித்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டிருந்தார். மணமான பின், நாடகக் கொட்டகையில் நடிகர்கள் பேசுவதையெல்லாம் மைனா அவர் முழங்காலில் விரலால் தட்டித் தட்டிச் சொல்வாராம்.